செயற்கை நுண்ணறிவும் சங்கத்தின் வடிவப் புத்தகமும்

செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் இன்று கடைவீதியிலும் கலெக்டர் அலுவலகத்திலும் ஒருங்கே அடிபடுகிறது. அது வந்தால் கைத்தொழில் அனைத்தும் அழிந்துபோகும் என்கின்றனர் ஒரு சாரார். அது வந்தால் விதைப்பது முதல் விற்பது வரை யாவும் தானே நடந்தேறும் என்கின்றனர் மற்றொரு சாரார். அந்த யந்திரம் யாது, எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இவ்விரு சாராரும் நமக்குச் சொல்லுவதில்லை. சொல்லாமலே ஒருவர் அஞ்சச் சொல்லுகிறார். மற்றவர் வாங்கச் சொல்லுகிறார். நம் அங்கத்தினர்கள் நெசவும் வேளாண்மையும் அறிந்தவர்கள். அவ்விரண்டையும் அறிந்தவர்க்கு இதன் அடிப்படை விளங்காமற் போவதற்குக் காரணமே இல்லை.

தறியிலிருந்தே தொடங்கலாம். பிரான்சு நாட்டின் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள், பூவேலைக்கு வேண்டிய பாவு இழைகளை மட்டும் தூக்கிக் கொடுப்பதற்கு ஒரு பையனைத் தறியருகே வைத்திருந்தார்கள். அவன் கயிறு இழுப்பதில் தவறினால் பூ கெட்டுவிடும். 1804-ஆம் ஆண்டில் ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர், அப்பையனின் வேலையைத் துளையிட்ட அட்டைகளிடம் ஒப்படைத்தார். துளை உள்ள இடத்தில் ஊசி புகும், இழை எழும். துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கும். 1839-இல் அவருடைய உருவத்தையே சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள். அப்பட்டுப் படத்தின் பிரதி ஒன்றை இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞர் வாங்கி வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்திற்கும் அத்தகைய அட்டைகளாலேயே கட்டளையிட அவர் எண்ணினார். அந்த யந்திரத்தைப் பற்றி 1843-இல் விரிவான குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ் அம்மையாரும் ஜக்கார்டு தறியையே உவமையாகக் கொண்டு அதனை விளக்கினார். நாம் கட்டளையிடத் தெரிந்ததை மட்டுமே அது செய்யும் என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. ஆதலின் கணிப்பொறியின் வரலாற்றில் நெசவாளர் வெளியார் அல்லர்.

எனினும் அட்டைப்படி நெய்யும் தறி நுண்ணறிவு பெற்றது ஆகாது. திருப்பம் பின்னர் வந்தது. 1958-இல் அமெரிக்காவில் பிராங்க் ரோசன்பிளாட் என்னும் ஆராய்ச்சியாளர் ஒரு கணிப்பொறிக்குச் சில அட்டைகளைக் கொடுத்தார். சிலவற்றில் இடப்புறம் அடையாளம் இருந்தது, சிலவற்றில் வலப்புறம். இடம் எது, வலம் எது என்ற விதியை அவர் அதற்குச் சொல்லவில்லை. விடை தவறும்போதெல்லாம் தன் உள்கணக்கைச் சிறிது திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டை மட்டும் செய்து வைத்தார். ஏறத்தாழ 50 முறை பயின்றபின் அது அவ்விருவகை அட்டைகளையும் தானே பிரித்தறிந்தது. ஜக்கார்டு அட்டையில் மனிதன் விதியையே குத்தி வைத்தான். இங்கோ மனிதன் உதாரணங்களைக் கொடுத்தான். விதியை யந்திரம் தேடிக்கொண்டது. இந்த ஒரு வேற்றுமையை உணர்ந்துகொண்டவர் பாதி விஷயத்தை அறிந்தவராவார்.

உள்கணக்கைத் திருத்திக்கொள்வது எப்படி? சாயப் பட்டறைக்குச் செல்வோம். மாதிரிக்கு ஒத்த நிறம் கொண்டுவர வேண்டிய மேஸ்திரி, முதலில் ஓர் அளவில் சாயத்தைக் கலக்குகிறார். சிறிது நூலை நனைத்து, உலர்த்தி, மாதிரியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். சிவப்புக் குறைந்தால் கொஞ்சம் கூட்டுகிறார். மஞ்சள் மிகுந்தால் குறைக்கிறார். மீண்டும் நனைத்துப் பார்க்கிறார். யந்திரம் செய்வதும் இதுவே. மேஸ்திரியின் கையில் மூன்று நான்கு சாயங்கள். யந்திரத்தினுள் இலட்சக்கணக்கான எண்கள், இன்றைய பெரிய யந்திரங்களில் கோடிக்கணக்கான எண்கள். மேஸ்திரி பத்து முறை நனைத்துப் பார்ப்பதை அது எண்ணற்ற முறை செய்கிறது.

ஒரு துணியின் புகைப்படத்தை அதற்குக் காட்டுவதாகக் கொள்வோம். அதற்கு அது துணி அன்று, எண்களின் வரிசை. படத்தைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்து, கருமைக்கு 0, வெண்மைக்கு 255, இடைப்பட்ட சாயலுக்கு இடைப்பட்ட எண் என்று குறிக்கிறார்கள். கட்டத் தாளில் பூ வரையும் நம் வடிவக்காரருக்கு இதில் புதுமை இராது. அவ்வெண்களைத் தன் உள்ளிருக்கும் எண்களால் பெருக்கிக் கூட்டி, ஊடை இழை விட்டுப்போன துணி என்றோ, நல்ல துணி என்றோ யந்திரம் விடை சொல்லும். அனுபவமுள்ள நெசவாளர் ஒருவர் அதே படத்திற்கு முன்பே எழுதி வைத்த விடையோடு அது ஒப்பிடப்படும். மாறுபட்டால் உள்ளிருக்கும் எண்கள் சிறிது திருத்தப்படும். அதன் அறிவு என்பதெல்லாம் இந்த எண்களே. அவ்வெண்களை அவ்வாறு அமையச் செய்தவை அந்த நெசவாளர் எழுதித் தந்த விடைகள். அவருடைய கண்ணும் கையும் பல ஆண்டுகளில் தேடிய தேர்ச்சியே வேறு உருவில் யந்திரத்தினுள் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதனை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜான் மெக்கார்த்தி முதலிய நால்வர், 1956-ஆம் ஆண்டு கோடையில் டார்ட்மவுத் கல்லூரியில் நடக்கவிருந்த ஆராய்ச்சிக்குப் பொருளுதவி கேட்டு 1955-இல் எழுதிய விண்ணப்பத்தில் இப்பெயரை இட்டார்கள். பணம் கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் அடக்கமான பெயரை எதிர்பார்ப்பதற்கில்லை! உதாரணம் கண்டு கணிக்கும் யந்திரம் என்று பெயரிட்டிருந்தால் வீண் அச்சமும் வீண் மோகமும் பாதியாகக் குறைந்திருக்கும். அதன்பின் பல்லாண்டுகள் இத்துறை மெல்லவே நகர்ந்தது. 2012-இல் டொரான்டோப் பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 12 இலட்சம் புகைப்படங்களைக் கொண்டு பயிற்றிய யந்திரம், படங்களை வகைப்படுத்தும் போட்டியில் மற்றவற்றை வெகுதூரம் பின்னே விட்டது. அப்படங்களில் இருப்பது இன்னதென்று பார்த்துக் குறித்துக் கொடுத்தவர்கள், பல நாடுகளில் சிறு கூலிக்கு உழைத்த மனிதர்களே என்பதைப் புகழ்ந்தவர்களில் பலர் சொல்ல மறந்துவிட்டார்கள்.

2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடியும் அதன்பின் வந்த அதன் இனத்தவையும் உரையாடும் யந்திரங்கள். அவையும் இவ்வழியில் வந்தவையே. படத்திற்குப் பதில் சொற்கள். மனிதர் எழுதிய ஏராளமான எழுத்தைக் கொடுத்து, அடுத்து வரும் சொல் யாதென்று ஊகிக்கப் பழக்குகிறார்கள். 'தறியில் நாடா' என்றால் அடுத்து 'ஓடுகிறது' வரலாம். 'பறக்கிறது' வருவது அரிது. இந்த ஊகத்தை மிக நுட்பமாகச் செய்வதால் கடிதம் எழுதுகிறது, கணக்கை விளக்குகிறது, மொழிபெயர்க்கிறது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பொருத்தமாகத் தோன்றும் சொல் உண்மையான சொல்லாகவே இருக்கும் என்பதில்லை. 2023-இல் நியூயார்க் நகரில் இரண்டு வழக்கறிஞர்கள் இத்தகைய யந்திரம் எழுதிக் கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினார்கள். அத்தீர்ப்புகள் எவராலும் வழங்கப்படாதவை! நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். மேலும் ஆங்கில எழுத்தோடு ஒப்பிட, இந்த யந்திரங்களுக்குக் கிடைத்த தமிழ் எழுத்து மிகச் சொற்பம். அதிலும் தறிக்குழியிலும் வயல் வரப்பிலும் வழங்கும் சொற்கள் அச்சேறியது இன்னும் சொற்பம். பூச்சி மருந்தின் அளவை இதனிடம் கேட்டு, கிடைத்த விடையைச் சரிபாராமல் தெளிப்பது விவேகம் ஆகாது.

வேளாண் அங்கத்தினர்கள் அறியவேண்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. 2016-இல் வெளியான அதில் 54,306 இலைப் படங்களைக் கொண்டு யந்திரத்தைப் பயிற்றினார்கள். 14 பயிர்கள், 26 நோய்கள். பயிற்சிக்குக் காட்டாது ஒதுக்கி வைத்திருந்த படங்களைக் காட்டியபோது நூற்றுக்கு 99-க்கும் மேல் சரியாகச் சொல்லிற்று. இச்செய்தியை மட்டும் கேட்டவர், இனி வேளாண்மை அலுவலர் எதற்கு என்று நினைக்கக்கூடும். ஆனால் அதே ஆராய்ச்சியாளர்கள், வேறு சூழ்நிலையில் எடுக்கப்பட்ட படங்களையும் காட்டிப் பார்த்தார்கள். அப்பொழுது சரியான விடை நூற்றுக்கு 31 அளவுக்கு இறங்கிவிட்டது. காரணம் எளிது. பயிற்சிப் படங்கள், இலையைத் தனியே பறித்து ஒரே சீரான பின்னணியில் வைத்து எடுக்கப்பட்டவை. வயலில் இலை தனியே நிற்பதில்லை. நிழல் விழும்; மண் ஒட்டியிருக்கும்; ஓர் இலையை மற்றோர் இலை மறைக்கும். இவ்வளவையும் மறையாமல் வெளியிட்ட அவ்வாராய்ச்சியாளர்கள் பாராட்டுக்குரியவர்கள். யந்திரம் விற்க வருபவர் முதல் எண்ணைச் சொல்லுவார். இரண்டாம் எண்ணை நாம்தான் கேட்க வேண்டும். எந்த ஊர் வயலில், எந்தப் பருவத்தில், எந்த ரகத்தில் சோதித்தீர்கள் என்று கேட்பதற்குப் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை.

நன்மையான முயற்சியும் உண்டு. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைக் கண்காணிக்க இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறோம். பொறியில் விழுந்த அந்துப்பூச்சிகளைப் படமெடுத்தால் எண்ணிச் சொல்லும் யந்திர ஏற்பாட்டை வாத்வானி நிறுவனத்தார் நம் நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். எண்ணுவது குறுகிய வேலை. விடையை நாமே எண்ணிச் சரிபார்க்க முடியும். இத்தகைய வேலைகளில்தான் முதலில் இதனைப் பழகிப் பார்க்க வேண்டும் என்பது எம் அபிப்பிராயம்.

கடன் வழங்குவது போன்ற காரியங்களில் இதனை நுழைப்பது வேறு விஷயம். பழைய பதிவுகளைப் பார்த்துக் கற்கும் யந்திரம், பழைய பதிவுகளில் உள்ள குறையையும் கற்கும். வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க அமெரிக்க நிறுவனம் ஒன்று அமைத்த யந்திரம், பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்வாக மதிப்பிட்டதால் கைவிடப்பட்டது என்ற செய்தி 2018-இல் வெளியாயிற்று. அதற்குக் காட்டப்பட்ட பழைய விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஒரு சங்கம் முன்னாளில் பெண் அங்கத்தினர்க்குக் கடன் கொடுக்கத் தயங்கியிருந்தால், அப்பதிவில் பயின்ற யந்திரமும் தயங்கும். காரணம் கேட்டால் எண்ணைக் காட்டும். பால் சங்கங்களில் கொழுப்பின் அளவைக் கருவிதான் சொல்லுகிறது. அதனை அங்கத்தினர் ஏற்பதற்குக் காரணம், ஐயம் தோன்றினால் தம் கண்ணெதிரே மறுமுறை சோதிக்கச் சொல்லலாம், கருவியும் சங்கத்தினுடையது என்பதே. அந்த வசதி இல்லாத யந்திரத்தின் வாக்கைக் கொண்டு ஒருவரது கடனை மறுப்பதோ கூலியைக் குறைப்பதோ கூட்டுறவு ஆகாது.

இனி வடிவப் புத்தகத்திற்கு வருவோம். பழைய நெசவாளர் சங்கங்கள் பலவற்றில் கரை, முந்தானை, புட்டா ஆகியவற்றின் கட்டத் தாள்களும் மாதிரித் துண்டுகளும் தலைமுறைக் கணக்கில் சேர்ந்து கிடக்கின்றன. இவற்றைப் படமெடுத்துக்கொள்ள அனுமதித்தால் கணக்கெழுதும் யந்திரத்தை இலவசமாகத் தருகிறோம் என்று எவரேனும் வந்து கேட்டால், காரியதரிசிக்கு அது நல்ல பேரமாகவே தோன்றும். ஆயின் அவர் கொடுப்பது படம் மட்டும் அன்று, உதாரணங்கள். அவற்றில் பயின்ற யந்திரம் அதே சாயலில் ஆயிரம் புதிய கரைகளை ஒரு நாளில் வரைந்து தரும்; அவற்றை எந்த ஊர் விசைத்தறியிலும் ஓட்டலாம். சட்டம் காக்குமே எனலாம். 2000-ஆம் ஆண்டின் வடிவங்கள் சட்டப்படி புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை உண்டு. முன்பே வெளியாகிப் புழங்கும் வடிவத்தைப் பதிவு செய்ய இயலாது. பாட்டன் காலத்துக் கரைகள் அவ்வகையின. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் சரக்கின் ஊர்ப் பெயரைக் காக்கும். கரையின் அழகை அது காவாது.

கொடுத்தபின் திரும்பப் பெறலாம் என்றும் எண்ணுவதற்கில்லை. படங்களைத் திருப்பித் தரலாம், அழிக்கவும் செய்யலாம். ஆனால் அவற்றால் திருத்தப்பட்ட எண்கள் யந்திரத்தினுள் தங்கிவிடுகின்றன. கலந்துவிட்ட சாயத்திலிருந்து நாம் ஊற்றிய ஒரு குவளை நீலத்தை மட்டும் பிரித்தெடுப்பது எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினம் அது. எனவே அனுமதி முன்னதாகக் கேட்கப்பட வேண்டும்; அதனை வழங்குவது மகாசபையின் உரிமையாக இருக்கவேண்டும். காரியதரிசியின் கையெழுத்தோ நிர்வாகக் குழுவின் தீர்மானமோ இதற்குப் போதாது. எந்தக் காரியத்திற்கு, எத்தனை காலத்திற்கு, யாருக்கு மேற்கொண்டு விற்கலாகாது, வரும் ஆதாயத்தில் வடிவம் வரைந்தவர் குடும்பத்திற்கும் சங்கத்திற்கும் என்ன பங்கு என்பன எழுத்தில் இருக்கவேண்டும். வேளாண் சங்கங்களின் சாகுபடிப் பதிவுகளுக்கும் இதுவே முறை.

இவற்றையெல்லாம் பேசுமுன் நம்மிடம் இருப்பது என்ன என்று நமக்கே தெரியவேண்டும். அலமாரியில் உள்ள கட்டத் தாள்கள் எத்தனை, ஒவ்வொன்றும் யார் கையால் எந்த ஆண்டில் வரையப்பட்டது, கரையான் அரித்தவை எவை என்று ஒரு பதிவேடு எழுதத் தொடங்கலாம். வரைந்தவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதினால் பெயர்கள் சரியாக அமையும்.