டோபி காட்டில் எதைத் தேடுறோம்?

 

நம்ம இளையர் தொண்டூழியர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பட்டியல். டோபி காட் எம்ஆர்டியிலிருந்து நடந்து போற தூரத்தில் வித்தியாசமான பார்களாம். பெயர்ப்பலகை இல்லாத கதவு, ரகசியப் படிக்கட்டு. 40 பேர் லைக்!

குடிக்கிறது அவரவர் விஷயம், அதை நான் பேச வரல. "அங்கே பார்க்க வேற என்ன இருக்கு அங்கிள்?"னு ஒரு தம்பி கேட்டான் பாருங்க, அதுதான் தாங்கல.

தம்பி, நீ இறங்குற எம்ஆர்டிக்காகத்தான் 100 வருஷத்துக்கு மேல ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த சிவன் கோயில் 1983-ல் இடம் விட்டுச்சு. சுவாமி 10 வருஷம் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் பக்கத்தில் இருந்தார். 1993-ல்தான் கேலாங் ஈஸ்ட்டில் கும்பாபிஷேகம். டோபி காட் என்ற பேரே அந்த ஓடையில் துணி துவைத்த மெட்ராஸ், வங்காள வண்ணார்களால் வந்தது. பலகை இல்லாத பாரைத் தேடிப் பிடிக்கத் தெரியுது, இது தெரியல.

எங்க தப்பும் இருக்கு, ஒத்துக்கறேன். செருப்பு அடுக்கச் சொன்னோம், அன்னதானத்துக்கு வாளி தூக்கச் சொன்னோம். இந்தக் கதையைச் சொல்லல.

அடுத்த பிரதோஷத்தன்று சாயங்காலம் 5 மணிக்கு டோபி காட் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன். அந்த 40 பேரும் வாங்க. இடத்தைப் பார்த்துட்டு அப்படியே கேலாங் ஈஸ்ட் போவோம்.