காவடிப் பாதையில் மின்கம்பி

சிராவண மாதம் பிறந்துவிட்டால் வடக்கே லட்சக்கணக்கானோர் காவி உடுத்தி ஹரித்துவாருக்கும் பிகாரின் சுல்தான்கஞ்சுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். கங்கையில் நீர் முகந்து, காவடியின் இரு முனையிலும் குடங்களைத் தொங்கவிட்டு, சிவன் கோயில்வரை சுமந்து நடக்க வேண்டும். சுல்தான்கஞ்சிலிருந்து தேவ்கர் வைத்தியநாதர் கோயிலுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். வழியில் காவடி தரையில் படக் கூடாது. முகாம்தோறும் மூங்கில் சட்டம் கட்டியிருப்பார்கள்; காவடியை அதில் மாட்டிய பிறகுதான் கொப்புளம் கண்ட காலை நீட்டி உட்கார முடியும். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடப்பவர்களுக்கு இந்த விரதத்தின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

குடத்தை இப்படிக் காக்கிறவர்களின் உயிரைக் காக்க ஆளில்லை. 2022இல் ஜல்பேஷ் கோயிலுக்குப் போன வேனில், டிஜே பெட்டிகளுக்கான ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் பாய்ந்து மேற்கு வங்கத்தின் கூச்பிகாரில் 10 பேர் இறந்தார்கள். 2023 ஜூலையில், ஹரித்துவாரிலிருந்து நீரோடு திரும்பியவர்களின் வண்டி, உத்தரப் பிரதேசத்தின் மீரட் மாவட்டத்தில் உயரழுத்தக் கம்பியில் உரசியது. 2024 ஆகஸ்டில் பிகாரின் ஹாஜிபூரிலும் அதுவே நடந்தது. ஹாஜிபூர் வண்டியில் இருந்தவர்கள் நீர் எடுக்கக் கிளம்பியவர்கள்; இறந்தவர்கள் கங்கைக்கரையைப் பார்க்கவேயில்லை.

மூன்று ஆண்டு, மூன்று மாநிலம்; மூன்றிலும் டிஜே வண்டிதான். இதை விதி என்று விட்டுவிட முடியாது. ஒலிபெருக்கிகளை மாடி உயரத்துக்கு அடுக்கிய வண்டி ஊரைவிட்டுக் கிளம்பும்போதே போலீஸார் கண்ணில் படுகிறது. சாமி காரியத்தில் கைவைத்தால் வம்பு என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் பக்தர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது, அவர்களைக் கைவிடுவது. நடைப்பயணத்துக்கு டிஜே வண்டி தேவையுமில்லை. பாட்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கம்பியைத் தொடும் உயரம் வேண்டாம் என்கிறோம்.

2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர்ப் பவனியில் மின்சாரம் பாய்ந்து 11 பேரைப் பறிகொடுத்தவர்கள் நாம். அந்தத் துயரத்தின் உரிமையில்தான் இதைப் பேசுகிறோம்.

கிளம்பும் ஊரிலேயே வண்டியை அளக்க வேண்டும். அளவு மீறினால், வாடகைக்கு விட்டவர் மீது வழக்குப் பாய வேண்டும். ஊர்வலம் வரும் நேரத்தை மின்வாரியத்துக்கு முன்கூட்டியே சொல்லி, அந்தப் பகுதிக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பக்தர்கள்மேல் பூத்தூவ ஹெலிகாப்டர் அனுப்பும் உத்தரப் பிரதேச அரசு, தாழத் தொங்கும் கம்பிகளை இழுத்துக் கட்ட லைன்மேன்களையும் அனுப்ப வேண்டும். அடுத்த சிராவணம் வரும்வரை அதற்கு நேரம் இருக்கிறது.