அலுமினியப் பொடிக்குள் பார்க்கும் வசதி சிவகாசிக்கு வேண்டும்

பட்டாசு ஆலைக்கு வரும் அலுமினியப் பொடி எவ்வளவு தூய்மையானது என்பதைச் சோதித்துச் சொல்வது எளிது. அந்தப் பொடியின் துகள் உருண்டையா தகடா, எவ்வளவு சிறியது, அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு எவ்வளவு தடிமன் என்ற விவரம் வெடிமருந்து கலக்கும் அறை வரை வந்து சேர்வது அரிது. கலப்பவரின் உயிரைக் காப்பதும் பறிப்பதும் பல நேரம் இந்த விவரம்தான். இதை அளக்கும் கருவியும், அளவை நொடியில் படித்துச் சொல்லும் கணினி முறையும் உலகில் வந்துவிட்டன. அவை சிவகாசி அடங்கிய விருதுநகர் மாவட்டத்துக்கு வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர். என் அப்பா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தார். புதுப் பொடி வந்து இறங்கினால் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பார். "இது வேகம் கூட, கொஞ்சங்கொஞ்சமா எடுத்துக் கலங்கப்பா" என்று மருந்து அறைக்காரர்களிடம் சொல்வார். அந்த விரலுக்கு அனுபவம் இருந்தது. ஆனால் சல்லடைக்கும் விரலுக்கும் எட்டாத அளவு ஒன்று உண்டு. இன்று பட்டாசுத் தொழில் அந்த அளவை நோக்கித்தான் நகர்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் அலுமினியம் 50 மைக்ரான் உருண்டைகளாக இருந்தால் அவற்றின் மொத்தப் புறப்பரப்பு ஏறத்தாழ 440 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளை விடக் குறைவு. அதே ஒரு கிராமை 50 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் 44 சதுர மீட்டர். ஒரு சிறிய வீட்டின் தரை முழுவதும் பரவும். எரிதல் புறப்பரப்பில்தான் தொடங்குகிறது. பெரிய அலுமினியத் துகள் தீப்பற்ற 2,000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். நானோ துகளுக்கு 1,000 டிகிரிக்குக் கீழேயே போதும். உடம்பிலும் உடையிலும் சேரும் நிலைமின்சாரத்தின் சின்னப் பொறிக்குக்கூட நுண்பொடி இடம் கொடுத்துவிடும்.

அலுமினியத்தில் காற்றுப் பட்டவுடன் சில நானோமீட்டர் தடிமனுக்கு ஆக்சைடு படலம் உண்டாகும். 50 மைக்ரான் துகளில் அது கணக்கிலேயே வராது. 50 நானோமீட்டர் துகளில் 3 நானோமீட்டர் படலம் இருந்தால், துகளின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆக்சைடாகப் போய்விடும். ஆகவே ஈரத்தில் கிடந்த பழைய பொடி மந்தமாக எரியும். அடுத்த வாரம் வரும் புதுப் பொடி சீறும். இரண்டும் கண்ணுக்கு ஒரே நிறம், தராசில் ஒரே எடை. பழைய பொடிக்குப் பழகிய கை புதுப் பொடியையும் அதே போல அள்ளும்.

சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள் பட்டாசு வேதிப்பொருட்களை நானோ அளவுக்குக் கொண்டுவந்து, அவற்றின் வெப்ப ஆபத்தை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். நுண்பொடியால் குறைந்த மருந்தில் அதே ஓசை பெறுவது நல்ல நோக்கம், புகையும் குறையும். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பச்சை உப்பு எனப்படும் பேரியம் நைட்ரேட்டைத் தடை செய்த பிறகு, தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி முன்வைத்த பசுமைப் பட்டாசு வகைகளில் ஒன்று அலுமினியத்தைக் குறைப்பதையே அடிப்படையாகக் கொண்டது. குறைந்த மருந்தில் நிறைந்த ஓசை கேட்டால், துகளை மேலும் மேலும் நுண்மையாக்கச் சொல்லி சந்தை தள்ளும். அளக்கும் வழி வருவதற்கு முன்னால் அந்தப் பொடி வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அளக்கும் வழி சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறல். மெல்லிய எக்ஸ்-கதிர்க் கற்றை ஒன்றைப் பொடிக்குள் செலுத்துகிறார்கள். பெரும்பகுதி நேராகக் கடந்து போகும். கொஞ்சம் மட்டும் மிகச் சிறிய கோணத்தில் விலகும். துகள் சிறியதாக இருந்தால் சிதறல் அகலமாக விரியும். பெரியதாக இருந்தால் நடுவை ஒட்டிக் குறுகும். ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் வரையான அமைப்பை இதில் படிக்கலாம். சோதனைக்குச் சில மில்லிகிராம் பொடி போதும்; பொடி கெடுவதுமில்லை. மைக்ரான் அளவுத் துகளுக்கு லேசர் ஒளிச்சிதறல் கருவி இருக்கிறது. இரண்டும் அருகருகே இருந்தால் பொடியின் முழு அளவுப் பட்டியலும் கைக்கு வந்துவிடும்.

கரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த மரத்துக் கரி, எந்தச் சூட்டில் சுட்டது என்பதைப் பொறுத்து மருந்தின் வேகம் மாறும் என்பது தொழிலாளர்கள் அறிந்ததே. கரிக்குள் இருக்கும் நானோ துளைகள் அதற்கு ஒரு காரணம். அந்தத் துளைகளைக் காட்டுவதில் எக்ஸ்-கதிர்ச் சிதறலுக்கு நிகரான கருவிகள் குறைவு. இந்தத் துறையின் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று, சி.வி. ராமனின் கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் பி. கிருஷ்ணமூர்த்தி 1930-ல் கார்பனை வைத்துச் செய்ததுதான். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1922-ல், சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க அதே கல்கத்தாவுக்குப் போனார்கள். கற்ற தொழிலை ஊருக்குக் கொண்டுவந்து ஒரு வறண்ட வட்டாரத்துக்கே சோறு போட்டார்கள். அதே நகரில் தொடக்கப் பதிவு கண்ட இந்த அறிவியல் மட்டும் இன்னும் நம் ஆலை வாசலுக்கு வரவில்லை.

வராததற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. கருவி தருவது ஒற்றை வளைகோடு. உருண்டை, தகடு, பல அளவுகள் கலந்த குவியல் எல்லாம் ஏறத்தாழ ஒரே கோட்டைத் தந்துவிடலாம். கோட்டிலிருந்து துகளின் வடிவத்தைக் கண்டுபிடிக்கத் தேர்ந்த நிபுணர் நாள்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. ஒரு தடவை வந்து இறங்கும் பொடி லாட்டுக்கு அத்தனை நாள் எந்த ஆலை காத்திருக்கும்?

இங்கேதான் இயந்திரக் கற்றல் உதவிக்கு வருகிறது. இன்ன வடிவம், இன்ன அளவு என்றால் கோடு எப்படி இருக்கும் என்பதைக் கணக்கிடுவது எளிது. அப்படி லட்சக்கணக்கான கோடுகளைக் கணக்கிட்டுக் கணினிக்குப் பழக்கிவிட்டால், புதிதாக அளந்த கோட்டைப் பார்த்தவுடன் பொருத்தமான அமைப்புகளை அது முன்வைக்கும். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஆர்த்தி ஜெயராமனின் குழு இத்தகைய முறையை உருவாக்கி, மென்பொருளைப் பிறரும் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறது. நிபுணரின் நாள்கணக்கு வேலை இப்படித்தான் சுருங்குகிறது.

ஆனால் பழக்கப்படாத பொருளைக் காட்டினாலும் கணினி தயங்காமல் ஒரு விடையைச் சொல்லிவிடும். வேறு நாட்டு ஆய்வகத்தின் தூய உருண்டைத் துகளில் பழகிய நிரல், நம் ஏழாயிரம்பண்ணைக் கிடங்கில் ஒரு மழைக்காலம் கிடந்த தகட்டுப் பொடியைச் சரியாகப் படிக்கும் என்று நம்பக் கூடாது. நம் பொடி, நம் கரி, நம் வெயில், நம் ஈரம் ஆகியவற்றை வைத்து நாமே அளந்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் சரிபார்த்த தரவுத் தொகுப்பு வேண்டும். அது எல்லா ஆலைக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஒரு லாட் ஆபத்தானது என்று தெரிந்தால், அந்தத் தகவல் ஒரு முதலாளியின் மேசை டிராயருக்குள் அடங்கிவிடக் கூடாது.

இது வந்தால் விபத்தே நடக்காது என்று நான் சொல்லவில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அறைக்கு மிஞ்சிய ஆட்கள், அளவுக்கு மிஞ்சிய மருந்து, உள்குத்தகை, உச்சி வெயிலில் வேலை ஆகியவை நம் ஆலைகளைத் தொடரும் குற்றங்கள். எக்ஸ்-கதிர் அவற்றைத் தடுக்காது. அதிகாரிகளும் ஆலை நிர்வாகமும்தான் தடுக்க வேண்டும். ஆனால் விபத்துச் செய்திகள் "மருந்துக் கலவையின்போது உராய்வு" என்ற இடத்தில் முடிந்துபோகின்றன. எந்த லாட், என்ன துகள், எவ்வளவு ஆக்சைடு என்ற கேள்விக்கு விடை தரும் செய்தியை நான் படித்ததில்லை. விடை இல்லாதபோது பழி எளிதாகக் கலந்தவரின் கை மேல் விழுகிறது. இறந்தவர் எழுந்து வந்து மறுத்துச் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது என்ன? பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் சிவகாசியில் இருக்கிறது. அதோடு சேர்த்து ஒரு சிறுகோணச் சிதறல் கருவி, ஒரு லேசர் அளவி, அவற்றை இயக்கப் பயிற்சி பெற்ற இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் சிலர் வேண்டும். கருவிக்குச் சில கோடி ரூபாய் ஆகும். பட்டாசு விற்பனையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி வசூலிக்கும் அரசுகளுக்கு இது பெரிய தொகை அல்ல. கல்பாக்கம், இந்தூர் ஆய்வுக்கூடங்களில் இந்தச் சிதறல் துறை தெரிந்த விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். தொடக்கப் பயிற்சி அவர்கள் தரட்டும். நுண்பொடி எதுவும் லாட் எண்ணோடும் துகள் அளவுச் சான்றோடும்தான் ஆலைக்குள் வர வேண்டும் என்று விதி வரட்டும். சான்றின் சுருக்கம் தமிழில், பெரிய எழுத்தில், மருந்து அறைக் கதவில் ஒட்டப்படட்டும். விபத்து நடந்தால் அதே லாட்டின் மாதிரியை மீண்டும் அளக்கட்டும்.

நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியை இந்த மாவட்டத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் செய்து தருகின்றன. தினமும் கலவை அறைக்குள் நுழைகிறவருக்குத் தான் கையில் எடுக்கும் பொடி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அந்த உரிமையை நிறைவேற்றும் அறிவியல் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வருகிற பட்ஜெட்டில் இதற்கு நிதி ஒதுக்க வேண்டும் என்று மாநில அரசையும் மத்திய அரசையும் கேட்கிறேன். இந்த வட்டாரத்து எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் எந்தக் கட்சியாக இருந்தாலும் இதற்காகச் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.