பரபக்கம் அறியாது மறுத்தல் பழுதாம்

பிற சமயத்தை மறுக்கப் புகுவோர், அச்சமயத்தார் கொண்ட பொருளை அவர் கொண்டவாறே முதற்கண் எடுத்தோதி, அதன்பின் மறுத்தல் வேண்டும். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரிற் பரபக்கத்தை முன்னும் சுபக்கத்தைப் பின்னும் வைத்தது இம்முறை பற்றியேயாம். ஆறுமுகநாவலரும் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உடனுழைத்து, அந்நூலை நன்கு கற்ற பின்னரே 1854-இல் சைவதூஷணபரிகாரத்தை வெளியிட்டார். இங்ஙனமாகவும், தென்காசி, குற்றாலம் முதலிய சிவத்தலங்களை வழிபடுஞ் சைவருட் சிலர், கிறிஸ்துவின் மரணத்தையும் உத்தானத்தையும் பற்றிக் கத்தோலிக்கர் கொண்ட கொள்கையை ஆராயாது, "இறந்தவன் இறைவனாவனோ?" என்னும் ஒரு வினாவோடு வாதத்தை முடித்து மகிழ்கின்றனர். அது வெற்றியன்று. அவர்பாற் காணப்படும் பிழைகள் மூன்று.

தெய்வத்தன்மையே சிலுவையில் அழிந்ததென்று கத்தோலிக்கர் கூறுவதாகக் கொள்ளுதல் முதற்பிழை. 451-இற் கல்சிதோனிற் கூடிய சங்கம், கிறிஸ்து ஒருவரிடத்தே தேவசுபாவமும் மனுஷசுபாவமும் தம்முட் கலவாமலும் பிரியாமலும் உள்ளனவென வரையறுத்தது. இறந்தது மனுஷசுபாவத்தினாலென்பதே அவர் துணிபு.

ஒருவர் பாடுபட்டமையின் ஏனையோர் வேண்டியவாறு ஒழுகலாமென்பது அவர் கொள்கையெனக் கருதுதல் இரண்டாவது பிழை. 1820-இல் இரேனியுசையர் பாளையங்கோட்டைக்கு வந்தபின், நெல்லை நாட்டிற் புரொட்டஸ்டாண்டுப் போதனை மிகப் பரவிற்று. விசுவாசமொன்றினாலே நீதிமானாதல் அப்போதனையின் சாரம். அவரும் தீயொழுக்கத்தை உடன்படாரென்க. அதனை மறுக்க எழுந்த நியாயங்களைக் கத்தோலிக்கர்மேற் செலுத்துதல் குறி தவறிய அம்பேயாம். என்னை? 1547-இல் திரெந்து சங்கம், விசுவாசம் மாத்திரம் அமையாது, அருளோடு மனிதன் இசைந்தொழுகலும் வேண்டுமென விதித்தமையின்.

பிணம் எழுந்து பழையபடி வாழ்ந்ததே உத்தானமென்பது மூன்றாவது பிழை. சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்ற தென்காசிக் கோபுரம் மீள எழுப்பப்பெற்று 1990-இற் கும்பாபிஷேகங் கண்டது. அங்ஙனம் முன்னிருந்தது மீளுதலன்று அவர் கூறும் உத்தானம். இலாசர் எழுந்தது மீண்டும் இறத்தற்கே. கிறிஸ்துவோ இனி இறவாத மகிமைச் சரீரத்தோடு எழுந்தாரென்பதும், அஃதின்றேல் தம் விசுவாசமே வீணென்பதும் அவர் கொள்கை. ஆதலின், பெரிய வெள்ளியைப் பாஸ்குத் திருநாளினின்றும் பிரித்துப் பொருள்கோடல் கூடாது.

இனிச் சைவர் மறுக்குமாறு: சுபாவம் தானே பாடுபடாது, அதனையுடையவரே பாடுபடுவர். அவர் கடவுளேயெனின், பிறப்பும் இறப்பும் முதல்வனைச் சார்ந்தனவாம். மனிதரேயெனின், அப்பலிக்கு அளவிலாப் பயன் கூறுதல் அமையாது. கத்தோலிக்கர் முன்னதனையே உடன்பட்டு, அஃது இறைவனது அன்பின் மிகுதியென்பர். ஆயின், 13-ஆம் நூற்றாண்டினராகிய தோமா அக்குவினார், இறைவன் வேறு வழியானும் மீட்க வல்லரெனவும், இவ்வழி மிகத் தக்கதெனவுங் கூறினார். அவ்வுடன்பாடே சைவர்க்குப் போதியது. அருள் தானே மீட்க வல்லதாயின், அதன்பொருட்டு முதல்வன் உடலெடுத்து இறத்தல் வேண்டாவாயிற்று.

அற்றேல், தீட்சையிற் குருவானவர் மாணாக்கனது சஞ்சிதத்தைப் போக்குவரென்னுஞ் சைவர், ஒருவர் வினையை மற்றொருவர் நீக்குதலை எங்ஙனம் மறுப்பரெனின், நன்கு கடாயினாய். குருவினிடமாக நின்று நீக்குவது சிவசத்தியே. அதற்கு எவருடைய மரணமும் விலையன்று. மேலும், ஆணவமலம் ஆதிபிதாவின் குற்றத்தால் ஒருகாலத்து வந்ததன்று, அநாதியே உள்ளது. அதனை நீக்குந் திருவருளும் ஒருநாளிற் றொடங்கியதன்று. குற்றாலத்துச் சித்திரசபையில் ஓவியமாய் விளங்குங் கூத்தப்பெருமானின் எடுத்த திருவடி அருளலைக் குறிப்பது. அக்கூத்திற்கு முதல்நாளென ஒன்றில்லை.

இருதிறத்தாரும் எதிர்நின்று ஆராயத்தக்கது இவ்வேறுபாடொன்றே. இதனை விடுத்து எள்ளி நகையாடுவோர் கத்தோலிக்கரை வென்றாரல்லர்; தம் சித்தாந்தத்தின் வலிமையையே மறைத்தாராவர். ஆதலின் சைவ நன்மக்கள் பரபக்கத்தைக் கற்றுத் தெளிந்து, பின்னர்ச் சுபக்கத்தை நிலைநாட்டுவாராக.