பேஸ்புக் பக்கத்தில் பனியன் கடை: சாவி யார் கையில்?
இணைப்பு கொடுக்கும் முன் உஷாராக இருக்க வேண்டிய திருப்பூர் வியாபாரிகள்

திருப்பூர்:
காதர்பேட்டைக்கு நேரில் வந்து கட்டுக்கட்டாக பனியன் அள்ளிக்கொண்டு போகும் வெளியூர் வியாபாரிகள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு டி-சர்ட் வாங்குகிறவர் அதற்காக ரெயில் ஏறி வருவாரா என்ன? அவருக்கு செல்போன்தான் கடைவீதி. அதனால் பிரிண்டிங் பட்டறை வைத்திருப்பவர், எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் விற்பவர் என்று சின்ன ஆட்களும் பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்து கல்லா கட்டுகிறார்கள்.

ஆரம்பத்தில் ஜாலியாகத்தான் போகும். போட்டோ போட்டதும் "அண்ணா, ரேட் எவ்ளோ?" என்று கேட்பார்கள். "இன்பாக்ஸ் வாங்க" என்று பதில் போகும். அட்ரஸ், சைஸ், பணம் எல்லாம் வாட்ஸ்-அப்பிலேயே முடிந்துவிடும். தினமும் 10 பேர் கேட்டால் சமாளிக்கலாம். 100 பேர் கேட்டால்? பதில் லேட்டானால் ஆள் அடுத்த பக்கத்துக்கு தாவிவிடுவார். இந்த நேரம் பார்த்துத்தான் "வெப்சைட்டில் கடை போட்டு, பேஸ்புக் பக்கத்தோடு இணைச்சு தர்றோம்" என்று ஆட்கள் வருகிறார்கள்.

இணைப்பு நடப்பது எப்படி?

பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் கடை திறக்கும் வசதியை அவற்றின் நிறுவனம் 2020 மே மாதம் பெரிய அளவில் அறிமுகம் செய்தது. வெப்சைட்டில் உள்ள ஒவ்வொரு பனியனின் போட்டோ, விலை, இருப்பு, லிங்க் எல்லாம் ஒரு பட்டியலாக அங்கே போகும். அந்தப் பட்டியலுக்கு கேட்டலாக் என்று பெயர். வெப்சைட் முகவரி கடைக்காரருக்கு சொந்தமானதுதானா என்று சரிபார்க்க ஒரு ரகசிய கோடு கொடுப்பார்கள். அதை வெப்சைட்டில் ஒட்டவேண்டும். அதன்பிறகு பக்கத்தில் போடும் போட்டோவை தொட்டாலே விலை தெரியும். பணம் கட்டுவது மட்டும் கடைக்காரரின் வெப்சைட்டில் நடக்கும்.

இதில் கஷ்டமான வேலை எதுவும் இல்லை. ஒரு நாளில் முடித்துவிடலாம். வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

மூன்று சாவி

பக்கத்தின் அட்மின், கேட்டலாக் இருக்கும் பிசினஸ் கணக்கு, வெப்சைட் முகவரி... கடைக்கு இந்த மூன்றும்தான் சாவி. முதலாளிக்கு நேரம் இல்லை என்பதால், இணைத்துக் கொடுக்கிற கம்ப்யூட்டர் தம்பி மூன்றையும் தன் இ-மெயிலில், தன் செல் நம்பரில் போட்டுவிடுகிறார். கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. அவசரத்துக்கு செய்ததாகவே இருக்கட்டும். நாளைக்கு அவர் வேலையை விட்டுப் போனாலோ, சம்பள தகராறு வந்தாலோ முதலாளி கதி அம்போதான். கடை வாடகையை ஒழுங்காக கட்டியவர், கடை பூட்டின் சாவியை வாங்க மறந்த கதை இது.

அக்கவுண்டை யாராவது ஹேக் செய்தாலும் இதே நிலைமை. பாஸ்வேர்டு மட்டும் போதாது, செல்போனுக்கு தனி எண் வருகிற இரட்டை பூட்டும் வேண்டும். முதலாளி பெயரிலும், நம்பிக்கையான இன்னொருவர் பெயரிலும் முழு உரிமை இருக்க வேண்டும். தம்பிக்கு வேலை பார்க்கிற அளவுக்கு அனுமதி கொடுத்தால் போதும்.

வெப்சைட் எதற்கு? பக்கமே போதாதா என்று கேட்பவர்கள் இரண்டு தேதியை நினைத்துப் பார்க்கலாம். 2020 ஜூன் 29-ந்தேதி மத்திய அரசு டிக்-டாக் உள்பட 59 செயலிகளுக்கு தடை போட்டது. லட்சக்கணக்கில் ரசிகர்களை சேர்த்து வைத்திருந்தவர்கள் திடீரென தெருவுக்கு வந்தார்கள். 2021 அக்டோபர் 4-ந்தேதி பேஸ்புக், வாட்ஸ்-அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் சேர்ந்து படுத்துவிட்டன. வெப்சைட் வைத்திருந்தவர்களின் கடை அன்றும் திறந்துதான் இருந்தது. வாடிக்கையாளரின் நம்பரும் முகவரியும் அவர்கள் கையில்தான் இருந்தன.

40 லட்சம் கணக்கு செல்லாது

இணைத்தபிறகு வருகிற தலைவலி ஸ்டாக். குடோனில் எக்ஸ்எல் சைஸ் தீர்ந்திருக்கும், பக்கத்தில் 'இருக்கு' என்று காட்டும். பணம் கட்டியவர் சும்மா இருப்பாரா? போஸ்ட்டுக்கு கீழே திட்டி தீர்த்துவிடுவார். பட்டியல் தினமும் தானாக புதுப்பிக்கப்படும்படி செட் பண்ணாவிட்டால் இணைத்ததே வீண்.

அடுத்தது ஜி.எஸ்.டி. வருடத்துக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அது தமிழ்நாட்டுக்குள் விற்கிறவரைதான். பாலக்காட்டுக்கோ, பெங்களூருக்கோ ஒரு பனியன் பார்சல் போனால்கூட வெளிமாநில விற்பனை என்று கணக்கு. பனியனுக்கு அந்த 40 லட்சம் சலுகை அங்கே கிடையாது. ஆன்லைன் கடைக்கு ஆர்டர் எந்த ஊரில் இருந்து வரும் என்று யாருக்கு தெரியும்? பதிவை முன்கூட்டியே எடுத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

2020-ல் வந்த நுகர்வோர் இ-காமர்ஸ் விதிகளையும் மறக்கக்கூடாது. கடையின் முகவரி, புகார் வாங்குபவர் பெயர் எல்லாம் வெளியே தெரியவேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது என்று பதில் சொல்லியாகவேண்டும். பெரும்பாலான பக்கங்களில் ஒரு செல் நம்பரை தவிர வேறு எதையும் காணோம்.

ஹீரோ படம் போட்ட டி-சர்ட்

பட ரிலீஸ் சமயத்தில் ஹீரோ முகம் போட்ட டி-சர்ட்தான் சூடான சரக்கு. ஆனால் அனுமதி இல்லாமல் பெயர், படம், குரலை வியாபாரத்துக்கு பயன்படுத்தினால் நடவடிக்கை என்று நடிகர் ரஜினிகாந்த் தரப்பில் 2023 ஜனவரியில் பகிரங்க நோட்டீசே விட்டார்கள். காதர்பேட்டை பிளாட்பாரத்தில் விற்றால் யார் கண்ணிலும் படாமல் தப்பிக்கலாம். கேட்டலாக்கில் போட்டால் உலகமே பார்க்கும். உரிமைக்காரர் புகார் கொடுத்தால் அந்த டி-சர்ட் மட்டும் போகாது. புகார் தொடர்ந்தால் பக்கமே முடங்கும், அதோடு இணைந்த கடையும் சேர்ந்து முடங்கும். மேல்முறையீடு செய்ய வசதி இருக்கிறது. ஆனால் பதில் வந்து சேர்வதற்குள் படம் தியேட்டரை விட்டே போயிருக்கும்.