தறியில் கிடக்கும் பாவுக்கும் வட்டி உண்டு

போன மாதம் என் தங்கையின் பேத்திக்குக் காது குத்து. தாமலில் எங்கள் தெருவிலேயே பந்தல். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட உட்கார்ந்த இடத்தில் ஒரு சண்டை மூண்டது. சொத்துச் சண்டை இல்லை, மின்சாரச் சண்டை. ஒரு பக்கம் தங்கையின் இளைய மகன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமன் அவன்தான். வீடுகளுக்கு சோலார் பேனல் மாட்டித் தருவது அவன் தொழில். மறுபக்கம் என் சம்பந்தி. கல்பாக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"சோலார் யூனிட் ரெண்டரை ரூபாய்க்கு வந்தாச்சு மாமா. இன்னும் எதுக்கு அணு உலைக்குக் கோடி கோடியா கொட்டணும்?" என்றான் அவன்.

"ராத்திரி எட்டு மணிக்கு உன் ரெண்டரை ரூபாய் கரண்ட் எங்கே இருக்கும் தம்பி?" என்றார் சம்பந்தி.

ஆளுக்கொரு செல்போன், ஆளுக்கொரு எண். கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "நீங்க கணக்கு எழுதினவர், நீங்களே சொல்லுங்க" என்றார்கள். தாம்பூலப் பை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் அன்று தப்பித்துவிட்டேன். இங்கே எழுதுகிறேன். இரண்டு பேருமே படிப்பார்கள் என்று தெரியும்.

2025 பிப்ரவரி பட்ஜெட்டில், 2047-க்குள் 100 கிகாவாட் அணு மின்சாரம் என்று அறிவித்தார்கள். இன்று நாட்டில் இருப்பது 9 கிகாவாட்டை ஒட்டித்தான். அதிலிருந்தே இந்தச் சண்டை எல்லா இடத்திலும் நடக்கிறது.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கூட்டுறவு சங்கத்தில் 31 வருடம் கணக்கு எழுதினவன் நான். மின்சாரம் படித்தவன் இல்லை. ஆனால் யாராவது ஒரு யூனிட் விலை இவ்வளவு என்று ஒற்றை எண்ணைச் சொன்னால் எனக்குச் சேலைதான் ஞாபகம் வரும். சேலையின் அடக்க விலை என்ன என்று கேட்டால், வேலைக்குப் புதிதாக வந்தவன் பட்டு, ஜரிகை, கூலி மூன்றையும் கூட்டிச் சொல்லிவிடுவான். பழைய ஆள் இன்னொன்றும் கேட்பான். பாவு எத்தனை நாளாகத் தறியில் இருக்கிறது? நெசவாளிக்கு உடம்பு முடியாமல் ஒரு பாவு நாலு மாதம் அப்படியே கிடந்தால், அதில் முடங்கின பட்டுக்கும் ஜரிகைக்கும் சங்கம் வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டே இருக்கும். சேலை கைக்கு வராது, வட்டி மட்டும் ஏறும்.

அணு உலையின் கணக்கும் இப்படித்தான். கூடங்குளத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988-ல் ஒப்பந்தம் போட்டார்கள். நடுவில் சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. 2002-ல் வேலை தொடங்கியது. 2007 டிசம்பரில் முதல் உலை ஓட வேண்டும் என்பது திட்டம். அது மின்தொகுப்பில் சேர்ந்தது 2013 அக்டோபரில். இரண்டு உலைக்கும் முதலில் சொன்ன மதிப்பீடு 13,171 கோடி. அது 17,270 ஆகி, பிறகு 22,462 கோடி ஆயிற்று. கல்பாக்கத்து ஈனுலைக்கு 3,492 கோடி, 2010-ல் முடியும் என்று 2003-ல் அனுமதி கொடுத்தார்கள். அதன் உலை மையத்தை நிரப்பும் வேலை தொடங்கியதே 2024 மார்ச்சில்தான். நம் ஊரில் எல்லாமே இப்படித்தான் என்று தள்ளிவிடவும் முடியாது. அணு மின்சாரத்திலேயே ஊறிய பிரான்சில், ஃப்ளமான்வில் என்ற இடத்தில் 3.3 பில்லியன் யூரோவில் 2012-க்குள் முடிப்பதாகச் சொல்லி 2007-ல் ஆரம்பித்த உலை, 2024 டிசம்பரில்தான் மின்சாரம் கொடுத்தது. செலவு 13 பில்லியனைத் தாண்டிவிட்டது.

சம்பந்தி இதற்குச் சொல்லும் பதிலிலும் நியாயம் இருக்கிறது. "தறியிலிருந்து இறங்கின பிறகு பாருங்க" என்பார். ஓட ஆரம்பித்துவிட்டால் பல பத்து வருடம் ஓடும், எரிபொருள் செலவு குறைவு, வெயிலையும் காற்றையும் எதிர்பார்க்க வேண்டாம். கூடங்குளத்து மின்சாரம் யூனிட் நாலு ரூபாய் சில்லறை. கல்பாக்கத்துப் பழைய உலைகளின் மின்சாரம் அதைவிட மலிவு, கடன் அடைத்து முடித்த வீட்டில் குடியிருப்பது மாதிரி. அதனால் ஓடுகிற உலையை மூடக் கூடாது என்பது என் கட்சி. ஜெர்மனிக்காரர்கள் பழுப்பு நிலக்கரியை எரித்துக்கொண்டே 2023 ஏப்ரலில் கடைசி மூன்று உலைகளையும் மூடினார்களே, அது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2012 மின்வெட்டு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சென்னைக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். மற்ற ஊர்களுக்குப் பத்து, பன்னிரண்டு. கைத்தறிக்குக் கரண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் தறிக்குழியில் இறங்கிப் பார்த்ததில்லை. தாழ்ந்த கூரை, சின்ன ஜன்னல். கோர்வை போடும்போது ஓர் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கைப் பட்டுக்குப் பக்கத்தில் வைக்க எதிர் வீட்டு நெசவாளிக்குப் பயம். மெழுகுவர்த்தியைத் தள்ளி வைத்துவிட்டு, கையால் தடவித் தடவி நெய்வார். இழை விட்ட சேலை சங்கத்துக்கு வந்தால் கூலியில் பிடித்தம். அந்தப் பிடித்தத்தை எழுதியது இந்தக் கைதான். மாலையில் அவர் வீட்டைத் தாண்டித்தான் நான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அப்போது எங்கும் ஒரே பேச்சு. கூடங்குளம் ஓடினால் கரண்ட் வந்துவிடும், இடிந்தகரைக்காரர்கள்தான் தடுக்கிறார்கள் என்று. நானும் டீக்கடையில் சத்தமாகவே சொன்னேன். 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த செய்தி வந்த அன்றும் என் வாய் அடங்கவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாநிலத்தின் பற்றாக்குறை அன்றைக்கு 4,000 மெகாவாட் அளவில் இருந்தது. முதல் உலையின் 1,000 மெகாவாட்டில் நம் பங்கு ஏறத்தாழ பாதி. மறுநாளே ஓடியிருந்தாலும் இருட்டில் எட்டில் ஒரு பங்குதான் விலகியிருக்கும். மின்வெட்டு பெரும்பாலும் தீர்ந்தது வல்லூர், வடசென்னை, மேட்டூர் அனல் மின் நிலையங்களாலும் வெளியில் வாங்கிய மின்சாரத்தாலும்தான். 2004-ல் சுனாமியைக் கரையில் நின்று பார்த்தவர்கள் அந்த இடிந்தகரை ஜனங்கள். 2011-ல் ஃபுகுஷிமாவை டிவியில் பார்த்தார்கள். அவர்கள் பயத்துக்கு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் ஒரு வரி கிடையாது. கணக்கு எழுதுகிற நானே கணக்குப் பார்க்காமல் பேசியிருக்கிறேன்.

மருமகனையும் விடுவதாக இல்லை. அவன் சொன்ன ரெண்டரை ரூபாய் உண்மைதான். 2017-ல் ராஜஸ்தானில் பட்லா என்ற இடத்தில் ஏலம் 2.44-க்கே போயிற்று. ஆனால் கமுதி சோலாரை மறந்துவிட்டான். 648 மெகாவாட், யூனிட் 7 ரூபாய் 1 காசு, 25 வருடத்துக்கு. 2015-ல் போட்ட ஒப்பந்தம் அது. 2017-ல் நம் மாநில டெண்டரிலேயே 3.47-க்குக் கிடைத்தது. இரண்டே வருடத்தில் பாதி விலை! ஜரிகை உச்ச விலையில் இருக்கும்போது மொத்தமாகக் கொள்முதல் செய்த சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன், அதே கதை. இருந்தாலும் ஒரு வித்தியாசம் உண்டு. சோலாரில் செய்த தப்பு இரண்டு வருடத்தில் தெரிந்து, அடுத்த டெண்டரில் திருத்த முடிந்தது. அணு உலையில் மதிப்பீடு தப்பு என்று தெரியவே பத்து, பதினைந்து வருடம் ஆகிறது. அதற்குள் பாதி நெய்தாகிவிடும், பாவை அறுக்கவும் முடியாது.

ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு எங்கே போவது என்ற சம்பந்தியின் கேள்வி அப்படியே நிற்கிறது. காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை நன்றாகச் சுற்றும், தை மாதத்தில் அவற்றை நம்ப முடியாது. பகல் மின்சாரத்தைச் சேர்த்து வைக்க வழி இல்லாமலும் இல்லை. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் 1987-லிருந்து இருக்கிறது. நீலகிரியில் குந்தாவில் அதே மாதிரி 500 மெகாவாட்டுக்கு ஆரம்பித்த வேலை வருடக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது. தாமதம் என்பது அணு உலைக்கு மட்டும் சொந்தமில்லை. பேட்டரி விலைதான் ஆச்சரியம். 2022 டெண்டரில் ஒரு மெகாவாட்டுக்கு மாத வாடகை 10.84 லட்சம், 2024 கடைசியில் ராஜஸ்தானில் 2.21 லட்சம்.

அதனால் என் தீர்ப்பு இது. ஓடுகிற உலைகள் ஓடட்டும். கூடங்குளத்தில் பாதி எழும்பி நிற்கும் மூன்றாவது முதல் ஆறாவது வரையான உலைகளை முடிக்கட்டும். புதிதாகப் பாவு ஏற்ற வேண்டாம். அந்தப் பணம் சேமிப்புக்கும் மின்பாதைகளுக்கும் போகட்டும். கட்டித்தான் தீருவோம் என்றால், புது மதிப்பீட்டைப் போடும் காகிதத்திலேயே போன தடவை சொன்ன மதிப்பீட்டையும் அது எங்கே போய் முடிந்தது என்பதையும் பக்கத்திலேயே அச்சடிக்கட்டும். தாமதத்தின் வட்டியை யார் தலையில் எழுதுவார்கள் என்பதை முதல் நாளே சொல்லட்டும். மின்வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடியைத் தாண்டி எத்தனையோ வருடம் ஆகிறது. எதிர் வீட்டுத் தறிக்கு 300 யூனிட் இலவசம், எனக்கு 100. நாம் கட்டாதது வேறு எந்தப் பக்கத்தில் பற்று எழுதப்படுகிறது என்று கேட்டுப் பழக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் என் மொட்டை மாடியை அளக்க வந்தான். 3 கிலோவாட், கிட்டத்தட்ட இரண்டு லட்சம், அதில் 78,000 மத்திய அரசு மானியம். "எல்லாம் சரிடா, கரண்ட் போனா இது எரியுமா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். லைனில் வேலை செய்கிறவர் உயிருக்கு ஆபத்து வரக் கூடாது என்பதால், பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் பட்டப்பகலிலும் தானே நின்றுவிடுமாம். பேட்டரியோடு, அதை எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினேன். இன்னும் வரவில்லை.

இதைப் போனில் சொன்னதும் சம்பந்திக்கு ஒரே சிரிப்பு. "உங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கு சம்பந்தி. உலைக்கு வயசாகி மூடின பிறகு, அதைப் பிரிக்கிற செலவு எந்தக் கணக்குல?" என்றேன்.

"அதுக்குன்னு யூனிட்டுக்கு 2 பைசா எடுத்து வைக்கிறாங்க" என்றார்.

"போதுமா?"

அவர் வீட்டில் யாரோ கூப்பிடுகிறார்களாம். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.