சிக்கனம் எங்கே முழுமையடைகிறது?



பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்போரில் சிலர், அதன் கியர்பெட்டி எண்ணெயை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்கின்றனர். கைத்தொழில் அறிவதும் சிக்கனம் பேணுவதும் நல்லவையே. ஆயினும் புதிய எண்ணெயை ஊற்றியதும் அவ்வேலை முடிந்துவிடுகிறதா? பழைய எண்ணெய் உரிய இடத்தைச் சேரும்போதுதான் முடிகிறது என்பதே நம் கருத்து.

இந்த எண்ணெய் உராய்வைத் தடுப்பதோடு நிற்பதில்லை. இதன் அழுத்தத்தால்தான் கியர் மாறுகிறது. உள்ளிருக்கும் வெப்பத்தை அகற்றுவதும் இதுவே. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை நின்று நின்று ஊரும் வண்டியில் சூடு மிகுந்து, எண்ணெய் விரைவில் தரம் கெடும். ஆகவே அதை மாற்றுவது ஆடம்பரமன்று. நம்மிடம் உள்ள பொருளைப் பேணும் கடமை.

ஆனால் எல்லா ஆட்டோமேட்டிக் வண்டிகளும் ஒன்றல்ல. ஹூண்டாய் ஐ10 காரின் பழைய நான்கு கியர் பெட்டிக்கு எஸ்.பி.3 வகை எண்ணெய் வேண்டும். சி.வி.டி. வண்டிக்கு அதற்கே உரிய எண்ணெய் உண்டு. 2014ஆம் ஆண்டு மாருதி செலேரியோவுடன் வந்த ஏ.எம்.டி. முறையிலோ, அடிப்படையில் இருப்பது சாதாரண கியர்பெட்டியே. வண்டியின் கையேட்டைப் பாராமல் கிடைத்ததை ஊற்றுவது சிக்கனமன்று, வீண்விரயம்.

ஊற்றும் வழி திறக்கிறதா என்று பார்த்த பின்னரே வடிகால் திருகைக் கழற்ற வேண்டும். வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றிய பின், கையேடு கூறும் முறையில் மட்டம் பார்க்க வேண்டும். ஒருமுறை வடிப்பதால் முழு எண்ணெயும் வெளிவராது. பெரும்பகுதி உள்ளேயே தங்கும். கருகிய வாடையோ உலோகத் துணுக்குகளோ தென்பட்டால் மெக்கானிக்கிடம் செல்வதே அறிவுடைமை. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் படுக்கலாகாது, உயிரும் அமானிதமே.

இனி, வடித்த எண்ணெயின் நிலை என்ன? சிலர் மழைநீர் வடிகாலில் ஊற்றுகின்றனர். சிலர் காலி மனையில் கொட்டுகின்றனர். கரையான் வராதென மரத்தில் பூசுவோரும் உண்டு. "மூன்று நான்கு லிட்டர்தானே?" என்பது அவர்களின் பதில். தாம்பரத்தைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் வீடுகள் ஏராளம். செம்பாக்கம் ஏரியின் உபரிநீர், 2022ஆம் ஆண்டு ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்கிறது. நம் வாசலில் ஊற்றியது நம் வாசலோடு நிற்பதில்லை.

நீர்த்துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். மனிதக் கழிவுக்கே இவ்வெச்சரிக்கை என்றால், மண்ணில் எளிதில் மட்காத எண்ணெய்க்கு எவ்வளவு கவனம் தேவை! நிறம், சுவை, வாசனை மாறாத நீரால் உளூச் செய்ய வேண்டுமென மதரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அந்நீரை நாமே கெடுக்கலாமா?

2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், பயன்படுத்திய எண்ணெயை அபாயக் கழிவாகவே கருதுகின்றன. அது அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரைச் சேர வேண்டும். ஆகவே திருகைக் கழற்றுமுன் அருகிலுள்ள பணிமனையில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பழைய எண்ணெயைப் பெற்றுக்கொள்வீர்களா? அதை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள்? தக்க பதில் கிடைத்தால், மூடியுள்ள கேனில் வேறெதுவும் கலவாமல் கொண்டுபோய்க் கொடுங்கள். கிடைக்காவிட்டால், முறையாக அப்புறப்படுத்தும் பணிமனையிலேயே எண்ணெயை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குக் கொடுக்கும் கூலி நஷ்டமன்று. அண்டை வீட்டாரின் உரிமையைக் காக்க நாம் செய்யும் செலவு.

நம் சேமிப்பு பிறருக்குத் தீங்காகாமல் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.